ரூபியைப் பெற்றவள் யாராக இருந்தால் உங்களுக்கு என்ன?

இன்று காலை பல்லாவரத்தில் ரயில் நின்று புறப்பட்டதும் மறுபடியும் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது. "என்னதான் சொல்லுங்கள், ரூபி சாதாரணப் பெண்ணாக இருக்கவே முடியாது. இன்னும் எதையோ மறைக்கிறார்கள்" என்று எதிர் இருக்கைத் தோழி ஆரம்பித்தாள். ஜன்னலோரம் இருந்தவள் உடனே ஒத்து ஊதினாள். ரூபி, 'டாக்டர் ஹூ' என்ற ஆங்கிலத் தொடரில் வரும் பெண்; அவளைப் பெற்றவள் யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கதை 2024 ஜூன் மாதமே முடிந்துவிட்டது. கேள்விக்கு விடை சொல்லியாகிவிட்டது. பெற்றவளே திரையில் வந்து, காபிக் கடையில் உட்கார்ந்து, மகளைக் கட்டிக்கொண்டு அழுதும் ஆகிவிட்டது. இவர்களுக்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. கிண்டி வரை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மாம்பலத்தில் இறங்கி ஓடிப்போய் அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். எழும்பூர் வரை நெரிசலில் ஒற்றைக் காலில் நின்றேன். அது எவ்வளவோ மேல்.

'டாக்டர் ஹூ' பார்க்காதவர்களுக்காக நாலு வரி. பிபிசியில் 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் அது. 1989இல் நின்றுபோய் 2005இல் மீண்டும் வந்தது. டாக்டர் வேற்றுக் கிரகத்தவர். பழைய நீலப் போலீஸ் பெட்டி போலத் தோன்றும் கலத்தில் ஏறிக் காலத்தின் குறுக்கே போய்வருவார். அவர் முகம் மாறும், நடிகர் மாறுவார். மாறாத ஒன்று, அவரோடு கூடவே வரும் துணை. அந்தத் துணைகள் யார் யார் என்று பாருங்கள். முதல் பாகத்திலேயே இரண்டு பள்ளி ஆசிரியர்கள், இயனும் பார்பராவும். தங்கள் மாணவி ஒருத்தி எங்கே குடியிருக்கிறாள் என்று கவலைப்பட்டுப் பின்னாலேயே போய் மாட்டிக்கொண்டவர்கள். பிற்பாடு வந்த ரோஸ், துணிக்கடையும் பாத்திரக்கடையும் ஒரே கட்டடத்தில் இருக்கும் பெரிய அங்காடியொன்றில் விற்பனைப் பெண். டோனா, இன்று ஓர் அலுவலகம் நாளை ஓர் அலுவலகம் என்று தற்காலிக வேலை பார்த்தவள். பில் பாட்ஸ் பல்கலைக்கழக உணவகத்தில் உருளைக்கிழங்கு வறுவல் பரிமாறியவள். அண்டம் முழுவதையும் பார்த்த ஒருவர், நம் தெருவில் நடந்துபோகும் ஒருத்தியைப் பார்த்து "வா" என்கிறார். நான் இந்தத் தொடரில் விழுந்ததே அந்த ஒரு காரணத்தால்தான்.

அந்த வரிசையில் வந்தவள்தான் ரூபி சண்டே. 2004 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ரூபி சாலையில் உள்ள தேவாலய வாசலில் விட்டுச் செல்லப்பட்ட பச்சைக் குழந்தை. பனியில் முக்காடு போட்ட ஓர் உருவம் குழந்தையை வைத்துவிட்டு நடந்து மறைகிறது. 2023 கிறிஸ்துமஸ் அன்று இதைக் காட்டினார்கள். அவ்வளவுதான், ஊகம் கட்டும் தொழிற்சாலை இரவு பகலாக ஓடத் தொடங்கியது.

2024 மே 11 முதல் ஜூன் 22 வரை ஏழு சனிக்கிழமைகள், எட்டு பாகங்கள். பிரிட்டனில் நள்ளிரவு என்றால் நமக்கு விடியற்காலை நாலரை மணி. பால் பாக்கெட் வரும் நேரத்தில் எழுந்து பார்த்துவிட்டு, எட்டு மணி ரயிலில் நாங்கள் நால்வரும் அதைப் பற்றிப் பேசுவோம். அந்த ஏழு வாரங்கள் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பாகத்தில் கிழவி ஒருத்தி ரூபியிடமிருந்து எப்போதும் சரியாக 73 கெஜம் தள்ளியே நிற்பாள். கிட்டத்தட்ட 67 மீட்டர். அந்தச் சனிக்கிழமை குரோம்பேட்டை நடைமேடையில் வங்கித் தோழி காலால் அடி வைத்து அளந்துகொண்டே போனாள். தண்ணீர்க் குழாயையும் தாண்டி ஒரு தூணருகில் நின்று கையை அசைத்தாள். முகம் தெரிந்தது, கண் தெரியவில்லை. அந்தத் தூரம் எவ்வளவு கொடூரமானது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரசிகர்கள் இப்படித் தோண்டித் துருவுவதில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

எனக்குக் கோபம், அந்த ஊகங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த இடத்தின் மேல். ரூபி டாக்டருடைய பேத்தி சூசனின் மகளாம். இல்லை, ரோஸின் வழியில் வந்தவளாம். இல்லை, அவளே ஒரு தெய்வமாம், அவளைச் சுற்றிப் பனி பெய்வதே அதற்குச் சாட்சியாம். இன்னொருத்தி, ரூபியே காலத்தில் பின்னால் போய்த் தன்னையே வாசலில் வைத்துவிட்டு வந்தாள் என்றாள். ஏழு வாரத்தில் ஐம்பது ஊகமாவது கேட்டிருப்பேன். எல்லாமே மேல்நோக்கித்தான் போயின. அரசி, தேவதை, காலத்தின் அதிபதி. பயந்துபோன ஒரு பள்ளிக்கூடப் பெண்ணாக இருக்கலாமே என்று ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. வாசலில் விடப்பட்ட குழந்தை நல்லவளாக, துணிந்தவளாக, டாக்டருக்கே பிடித்தவளாக இருக்கிறாள் என்றால், அவளுக்குள் ஓடுவது உயர்ந்த ரத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது இவர்கள் முடிவு. இதற்கு அறிவியல் புனைகதை எதற்கு? இதை நம் பெரியம்மாக்கள் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிடுவார்களே.

சொன்னார்கள். என் தங்கையைப் பற்றிச் சொன்னார்கள்.

அவள் ஐந்து மாதக் குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். எனக்கு அப்போது ஏழு வயது. தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியிருந்த பிறகான காலம். வேண்டாம் என்று தூக்கி எறியாமல், கொன்றுவிடாமல், இங்கே விட்டுவிட்டுப் போங்கள், பெயர்கூடக் கேட்கமாட்டோம் என்று அரசே தொட்டில் கட்டி வைத்த காலம். அப்படி ஒரு தொட்டிலில் இருந்து காப்பகம் போய், காப்பகத்தில் இருந்து நீதிமன்ற உத்தரவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பீரோவின் மேல்தட்டில் பச்சை உறையில் அந்த உத்தரவு இருக்கிறது. அதன்மேல் மடித்து வைத்த ஒரு சின்ன மஞ்சள் சட்டை, ஒரு பக்கம் ஊக்கு துருப்பிடித்த கறையோடு. அவள் பிறந்தநாளுக்கு எங்கள் வீட்டில் கேக் மட்டும்தான். அவள் வந்த நாளுக்குத்தான் அம்மா சேமியா பாயசம் வைப்பார்.

அவள் பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தபோது, வீடு தேடி வந்து வாழ்த்திய உறவுக்காரப் பெரியம்மா சொன்னார்: "நிறத்தையும் மூக்கையும் பார்த்தாலே தெரியவில்லையா, பெரிய இடத்துக் குழந்தையாகத்தான் இருக்கும்." இன்னொருவர், "சேற்றில் முளைத்த செந்தாமரை" என்றார். பாராட்டுகிறாராம். யார் சேறு? அவளைப் பத்து மாதம் சுமந்தவளா? இல்லை, அவளுக்கு இரவெல்லாம் கண்விழித்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த என் அம்மாவுக்கு இதில் பங்கே இல்லையா? என் தங்கை தட்டில் இருந்த முறுக்கை இரண்டாக உடைத்து, அந்த இரண்டையும் நான்காக உடைத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றையும் வாயில் போடவில்லை.

கர்ணனுக்கும் இதைத்தானே செய்தோம். தெருக்கூத்தில் விடிய விடிய அவனுக்காக அழுகிறோம். அவன் குந்தி மகன் என்பதால் அழுகிறோம். தேரோட்டி மகனாகவே இருந்து அதே வில்லை அதே கையால் வளைத்திருந்தால் இந்தக் கண்ணீர் வந்திருக்குமா? வளர்த்தவள் ராதை. அவள் பெயரால் அவனுக்கு ராதேயன் என்றே ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் எந்தப் பிள்ளைக்காவது ராதேயன் என்று பெயர் வைத்துக் கேட்டிருக்கிறீர்களா?

இத்தனைக்கும் ரூபி யார் என்ற கேள்விக்கு அந்தக் கிறிஸ்துமஸ் பாகத்திலேயே விடை இருக்கிறது. ரூபியைத் தத்தெடுத்தவள் கார்லா. 33 குழந்தைகளை வளர்ப்புத் தாயாக இருந்து பார்த்துக்கொண்டவள். அத்தனை முகங்களின் படமும் அவள் வீட்டுச் சமையலறையில், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும். கதையின் நடுவே பூதங்கள் ரூபியைக் குழந்தையாக இருந்தபோதே கவர்ந்துபோய்விட, அவள் வந்தே இராத உலகம் ஒன்று சில நிமிடங்களுக்கு உண்டாகிறது. அந்த உலகத்துக் கார்லாவைப் பாருங்கள். அதே வீடு, அதே பெண். முகம் இறுகிக் கிடக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதெல்லாம் காசுக்காக என்கிறாள். ஒரு குழந்தை வந்ததால் ஒரு வீடு என்னவாக ஆனது, வராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டார்கள். ரூபி அதுதான். அதற்குமேல் என்ன ரகசியம் வேண்டும்? அந்தக் காட்சியை என் ரயில் தோழிகள் ஒருமுறைகூடப் பேசி நான் கேட்டதில்லை. முக்காட்டு உருவத்தின் விரல் எந்தப் பக்கம் நீண்டது என்பதை மட்டும் நாற்பது முறை பேசினார்கள்.

தொடரை எடுத்தவர்கள் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தூண்டிலைப் போட்டதே அவர்கள்தான். வாரம் தவறாமல் பனி, வாரம் தவறாமல் ஒரு மர்மப் பார்வை. கடைசியில், அந்த விரல் சாலையின் பெயர்ப் பலகையைக் காட்டியது, குழந்தைக்கு அந்தப் பெயர் வைக்கச் சொல்லித்தான் காட்டினாள் என்றார்கள். யாருமே இல்லாத தெருவில் யாருக்குக் காட்டினாள் என்ற கேள்வி நியாயமான கேள்விதான். அந்த இடத்தில் எழுத்து தடுமாறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடிவு தடுமாறவில்லை. 1975இல் வந்த சுடெக் என்ற மரண தெய்வத்தை, அதே கேப்ரியல் உல்ஃப் குரலோடு திரும்பக் கொண்டுவந்து, அவ்வளவு பெரிய தெய்வத்துக்கே ஒரு சாதாரணப் பெண் யாரென்று கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கவிட்டார்கள். பெற்றவள் பதினைந்து வயதுப் பெண். வீட்டில் மாற்றாந்தகப்பன், அவனிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி தேவாலய வாசல். இப்போது அவள் ஒரு செவிலியர். இதைவிடக் கனமான விடை வேறு என்ன இருக்க முடியும்? "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்களின் வாயை என்ன செய்வது?

அடுத்த ஆண்டு பெலிண்டா சந்திரா வந்தாள். கேரளத்தில் பிறந்த வரதா சேது நடித்த பாத்திரம். லண்டன் மருத்துவமனைச் செவிலியர். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: என்னை வீட்டில் கொண்டுபோய் விடு, எனக்கு வேலைக்குப் போக வேண்டும். நம் முகச்சாயலில் ஒருத்தி, டாக்டரிடமே முகத்துக்கு நேராகக் கோபப்படுகிறாள் என்று நான் பூரித்துப்போனேன். எங்கள் ரயில் பெட்டியிலோ முதல் வாரமே தொடங்கிவிட்டது, இவள் மாறுவேடத்தில் வந்த யார் என்று. செவிலியர் செவிலியராகவே இருந்துவிடக் கூடாதா, அம்மா?

என் அம்மா வேறு மாதிரி வாசகி. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது வாரந்தோறும் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்தவர். அதில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். நாயகிக்குத் துணை. ஜீனோவை யார் செய்தார்கள், அதற்குள் யாருடைய மூளை இருக்கிறது என்றெல்லாம் அவர் மண்டையை உடைத்துக்கொண்டதே இல்லையாம். "பாவிகள் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்களோ என்றுதான் எனக்கு வாரம் முழுக்கக் கவலை" என்பார். அந்தக் கவலைக்குப் பெயர்தான் ரசிகை.

2024 ஜூன் 22. கடைசிப் பாகம் வந்த சனிக்கிழமை. அன்று தங்கைக்கும் நுங்கம்பாக்கத்தில் வேலை இருந்ததால் எங்களோடு ஏறினாள். அவளும் விடியற்காலையில் என்னோடு உட்கார்ந்து பார்த்திருந்தாள், ஒரு வார்த்தை பேசாமல். பெட்டியில் ஒரே கொந்தளிப்பு. "ஏமாற்றிவிட்டார்கள்", "ஏழு வாரம் வீண்", "ஒன்றுமே இல்லாத பெண்ணுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" வங்கித் தோழி என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, அன்பாகத்தான் சொன்னாள்: "ரூபிக்குத்தான் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. உனக்கு நிச்சயம் ஏதாவது பெரிய கதை இருக்கும், பாரேன்." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வாயைத் திறப்பதற்குள் தங்கை என் முழங்காலை அழுத்தினாள்.

கோடம்பாக்கம் வரை ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் கேட்டாள்: "பதினைந்து வயதில், பிள்ளை பெற்ற உடம்போடு, அந்தக் குளிரில் அவள் எப்படி வீடுவரை நடந்து போயிருப்பாள், அக்கா?"

நுங்கம்பாக்கம் வந்தது. இறங்கிப் போய்விட்டாள்.