கார்னெட்டை மறந்துவிட்டீர்களே

கோப்பைகளை எண்ணியே கூடைப்பந்து ஜாம்பவான்களை வரிசைப்படுத்தலாம் என்று கட்டுரை சொல்வது எனக்கு ஒப்பவில்லை. அமெரிக்க என்பிஏ லீக்கில் ஆடிய கெவின் கார்னெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மினசோட்டா அணியில் 1997 முதல் 2003 வரை ஏழு வருடமும் பிளேஆஃப் (சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றுகள்) முதல் சுற்றோடு வீட்டுக்குப் போனார். அடுத்த சீசனில் கசெல், ஸ்ப்ரீவெல் என்று இரண்டு நல்ல ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்ததும் மேற்குப் பிரிவு இறுதிவரை எட்டினார். அப்புறம் 2007-இல் பாஸ்டன் அணிக்கு மாறி, பியர்ஸ், ரே ஆலன் என்ற இரண்டு நட்சத்திரங்களுடன் ஆடிய முதல் சீசனிலேயே கோப்பை. அதற்கு முன் வருடம் 24 ஆட்டம் மட்டும் ஜெயித்த அணி 66 ஜெயித்தது. 31 வயதில் திடீரென்று மேதையாகிவிட்டாரா என்ன? மைக்கேல் ஜோர்டனுக்கு யார் துணை நின்றாலும் ஆறு கோப்பை வந்திருக்கும் என்று இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய இன்னொரு வாசகர் சொல்லியிருக்கிறார். சரி, அந்த ஆறிலும் சிகாகோ அணியில் அவரோடு பிப்பன் இருந்தாரே? ஜோர்டன் இல்லாத 1993-94 சீசனில் அதே சிகாகோ 55 ஆட்டம் ஜெயித்ததே? (ஜோர்டனைக் குறைத்துச் சொல்லவில்லை, என் அறைச் சுவரில் இன்னும் அவர் படம்தான்.) மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) கோர்ட்டில் நானும் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரனாகத் திரிந்தவன். சீன நண்பன் ஒருவன், நான் திரும்பும்போதே பந்தை நெஞ்சுக்கு நேராகக் கொடுத்துவிடுவான், கூடையில் போடுவது மட்டும்தான் என் வேலை. அவன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் பந்து முழங்காலுக்கு வர ஆரம்பித்தது. குனிந்து எடுத்து நிமிர்வதற்குள் எதிராளி மூக்குக்கு முன்னால் நிற்பான். மூன்றே வாரத்தில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.