பைராய்ட்: வாக்னருக்கு முந்தைய அரங்கு

ஜெர்மனியின் பைராய்ட் நகரைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முழுக்க, ஓப்பரா எனும் இசை நாடகங்களை எழுதிய இசையமைப்பாளர் வாக்னரைச் சுற்றியே போகிறது. சரி, 1876-இல் அவர் திறந்த விழா அரங்கு இல்லாமல் அந்த ஊருக்கு இந்தப் புகழ் ஏது? ஆனால் 1748-லேயே பிரஷ்ய இளவரசி வில்ஹெல்மினா தன் மகளின் கல்யாணத்துக்காகத் திறந்த ஓப்பரா அரங்கை அதில் விட்டுவிட்டார்களே! உள்ளே பெரும்பாலும் மரமும் துணியும்தான். வண்ணம் பூசியே பளிங்கு போலக் காட்டியிருக்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. வாக்னரை அந்த ஊருக்கு இழுத்ததே அதன் ஆழமான மேடைதான். வந்து பார்த்தால் அவருடைய பெரிய இசைக்குழுவுக்கு இடம் போதவில்லை. அப்புறம்தான் குன்றின் மேல் அவருடைய புது விழா அரங்கு எழும்பியது. இன்றும் அங்கே மாடத்தில் நின்று எக்காளம் ஊதித்தான் ரசிகர்களை உள்ளே அழைக்கிறார்கள்.