சோதனைத் துண்டு படகிலிருந்தே வரவேண்டும்
கண்ணாடியிழைப் பாய்மரப் படகின் உறுதியைப் பற்றிய கட்டுரையில், தனியே வார்த்த மாதிரித் தகட்டை இழுத்துப் பார்க்கும் இழுவிசைச் சோதனையை மட்டும் கொண்டு கட்டுரையாளர் அதை மதிப்பிட்டிருப்பது போதாது. சமதளத்தில் நிதானமாக வார்த்த மாதிரித் தகட்டிலும், வளைந்த அச்சுக்குள் கையால் பிசின் பூசி அடுக்கிய படகின் உடலிலும், உறுதியைத் தீர்மானிக்கும் இழை-பிசின் விகிதம் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே, கடல்நீர்க் குழாய்க்காகத் துளையிடும்போது கிடைக்கும் வட்டத் துண்டை ஏறத்தாழ 565 டிகிரி செல்சியஸில் எரித்து, பிசின் போனபின் எஞ்சும் கண்ணாடியை எடைபோட்டுப் பார்ப்பதே அந்த விகிதத்தை அறிய நம்பகமான வழி. (கார்பன் இழைக்கு இம்முறை உதவாது, இழையும் சேர்ந்து எரியத் தொடங்கிவிடும்.) மேலும், அலை மோதும்போது உடல் வளைகிறது. அப்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் பிரிவதை இழுவிசைச் சோதனை காட்டாது என்பதால், குட்டையான துண்டை இரு தாங்கிகள்மேல் வைத்து நடுவில் அழுத்தும் ஐஎஸ்ஓ 14130 என்ற சர்வதேசத் தரச் சோதனையை, நீரில் ஊறவைத்த துண்டுகளிலும் நடத்தியிருக்க வேண்டும்.