மரை இல்லாத ஸ்பவுட்டும் மரை கழன்ற நானும்

குளியல் தொட்டிக்குள் தண்ணீர் கொட்டும் மூக்கான ஸ்பவுட்டைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருகினால் வந்துவிடும் என்று காணொளியில் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த மனிதர், நேற்று மாட்டிய ஸ்பவுட்டைத்தானே இன்று கழற்றிக் காட்டினார்? அவருக்கு நாற்பது நொடி ஆயிற்று. நியூ ஜெர்ஸியில், எனக்கு முன்னால் யார் யாரோ குளித்துவிட்டுப் போன இந்தப் பழைய வீட்டில், எனக்குச் சனிக்கிழமை முழுவதும் ஞாயிற்றுக்கிழமை பாதியும் ஆயிற்று.

அடுத்த வாரம் ஊரிலிருந்து அம்மா வருகிறார். தலைக்குக் குளிப்பது வேறு, மேலுக்குக் குளிப்பது வேறு என்பதே தெரியாதவர்கள் கட்டிய குளியலறை இது. உச்சியில் ஒரு ஷவர் நிற்கும். அதைத் திறந்தால் செவ்வாய், வெள்ளி என்ற பேதமில்லாமல் எல்லா நாளும் தலை நனையும். ஆகவே ஹேண்ட் ஷவர் வேண்டும். அதை மேலே ஷவர் குழாயிலேயே மாட்டினால் என்ன என்று கேட்கப்போகிறவர்களுக்கு: அது ஆறரை அடி உயரத்தில் இருக்கிறது, என் அம்மாவோ ஐந்தடிக்கும் குறைவு. எனவே ஹோஸ் மாட்டும் வாய் உள்ள புது ஸ்பவுட் ஒன்றை வாங்கி, பழையதைக் கழற்றி, அந்த இடத்தில் இதைப் பொருத்துவது என்று முடிவாயிற்று. எழுதும்போது எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்கள்.

சுவரோடு ஒட்டும் இடத்தில் பூசியிருந்த சிலிக்கானைக் கத்தியால் அறுத்துவிட்டுக் கையால் திருகினேன், அசையவில்லை. துணியைச் சுற்றிப் பைப் ரெஞ்சு போட்டேன், துணிதான் கிழிந்தது. துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். உப்புப் படிந்திருக்கும் என்று வினிகரில் நனைத்த துணியைக் கட்டிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து, ஸ்பவுட்டின் வாய்க்குள் நீண்ட ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்புகோல்போல அழுத்தியபோது, ஸ்பவுட் பேசாமல் இருக்க, சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. உள்ளே செப்புக் குழாய் வால்வோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்று விட்டால் டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வர, எனக்கு வியர்த்துக் கொட்டியது.

கடைசியில், காய்ந்த தொட்டிக்குள் மல்லாந்து படுத்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஸ்பவுட்டின் அடிவயிற்றைப் பார்த்தேன். அங்கே ஒரு துளை இருந்தது. சிலிக்கானும் சுண்ணாம்பும் அடைத்துக்கொண்டிருந்த அந்தத் துளையைக் குண்டூசியால் குடைந்தால், உள்ளே அறுகோணக் குழியோடு ஒரு சின்னஞ்சிறு திருகு. அதாவது, இது மரை உள்ள ஸ்பவுட்டே அல்ல. அரை அங்குலம் என்று பெயர் வைத்துக்கொண்டு வெளிவிட்டம் 5/8 அங்குலம் இருக்கிற செப்புக் குழாயின் மேல் தொப்பிபோலச் சொருகி, அடியில் ஒற்றைத் திருகால் இறுக்கிவிடும் ரகம் இது. இல்லாத மரையைக் கழற்றப்போய் ஐந்து மணி நேரத்தில் கழன்றது என் மரைதான்.

திருகு தெரிந்துவிட்டது, இனி ஆலன் கீ என்கிற அறுகோணச் சாவியைப் போட்டால் முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். என்னிடம் இருந்தவை நாற்காலி, மேசைகளோடு வந்து சேர்ந்த மில்லிமீட்டர் சாவிகள். 3 மி.மீ. உள்ளே போய் வெறுமனே சுழல்கிறது; 4 மி.மீ. வாசலிலேயே நிற்கிறது. திருகின் அளவு 1/8 அங்குலமாம், அதாவது 3.175 மி.மீ. இந்த நாடு மெட்ரிக் முறைக்கு மாறுவதற்கு 1975-ல் சட்டமே போட்டது. விருப்பமுள்ளவர்கள் மாறிக்கொள்ளலாம் என்ற பெருந்தன்மையோடு போட்டது. அதற்காக அமைத்த வாரியத்தையும் 1982-ல் மூடிவிட்டது. விருப்பமில்லாதவர்களில் ஒருவர் என் குளியலறைக்கு வந்து இந்தத் திருகை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கடைக்கு ஓடி அங்குலச் சாவி வாங்கி வருவதற்குள், 3 மி.மீ. சாவியை நான் ஆத்திரத்தோடு சுழற்றிய சுழற்றலில் அந்த அறுகோணம் வட்டமாகியிருந்தது.

பிறகு ஆக்சா பிளேடுதான். ஞாயிறு காலை, உள்ளே இருக்கும் செப்புக் குழாயில் பட்டுவிடாமல், ஸ்பவுட்டை நீளவாக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். மேலே குரோமியப் பளபளப்பு. உள்ளே துத்தநாக வார்ப்பு. பிளவில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு அகற்றியதும், இரண்டு நாளாக அசையாதிருந்த அந்த மகாராஜா சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டார். கீறல் விழுந்த செப்புக் குழாயை, புது ஸ்பவுட்டின் ரப்பர் வளையம் ஒழுகாமல் உட்கார வேண்டுமே என்று உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வாங்கி வைத்திருந்த புதியதை எடுத்துப் பார்த்தால், அது மரை உள்ளது.

மறுபடியும் கடை, மறுபடியும் வரிசை. சொருகும் ரகமாக மாற்றிக்கொண்டு வந்து பெட்டியைத் திறந்தேன். ஸ்பவுட்டோடு, ஒரு சிறு பிளாஸ்டிக் பைக்குள், இலவசமாக, அதன் திருகுக்கு அச்சாகப் பொருந்தும் ஓர் ஆலன் கீ இருந்தது. பழைய ஸ்பவுட்டின் பெட்டியிலும் ஒன்று இருந்திருக்கும். மாட்டிய புண்ணியவான் அதைப் பெட்டியோடு குப்பையில் போட்டிருப்பார். வெற்றுத் தொட்டிக்குள் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு, உள்ளே வழுக்கி விழுந்துவிட்டேனோ என்று மனைவி கதவைத் தட்டினாள்.

ஹேண்ட் ஷவர் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. நானாவது பொறுப்பாக நடந்துகொள்ளலாம் என்று, அந்தச் சாவியை வாஷ்பேசினுக்கு அடியில் ஒட்டிவைக்க டேப் எடுக்கப் போனேன். டேப் கிடைத்தது. சாவியைத்தான் இன்று காலை வரை தேடிக்கொண்டிருக்கிறேன்.