ஒரு போகக் குத்தகைக்காரனிடம் மண்வளம் கதைக்கலாமா?

வைக்கோலை எரிக்காதே, யூரியாவைக் குறை, பயறு போடு, மண்ணுக்கு உயிர் கொடு. திருகோணமலைப் பக்கம் இப்போது எந்த விவசாயப் பயிற்சிக்குப் போனாலும் இந்தக் கதைதான். சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. வைக்கோலைக் கொளுத்தினால் அதிலுள்ள நைதரசன் அனேகமாக முழுதும் புகையாகப் போய்விடும், பிறகு அதையே யூரியா மூட்டையாகக் கடனுக்கு வாங்குகிறோம்.

என் கோபம் வேறு. கேட்டுக்கொண்டிருக்கிறவனின் நிலைமையை யாரும் கேட்பதில்லை.

தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயல் செய்கிறவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த வயல் சொந்தமில்லை. ஒரு போகத்துக்குக் குத்தகை. அடுத்த போகம் அது யார் கைக்குப் போகுமோ தெரியாது. மண் தேறுவதற்கு நாலைந்து வருஷமாவது வேண்டும். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து விதைத்தவன், பிறத்தியான் வயலுக்கு எதற்குத் தழை வெட்டிப் போட வேண்டும்? நானென்றாலும் போடமாட்டேன்.

வெட்டுக் காலத்தில் மிஷின் ஒரு பக்கம் வெட்ட, மறு பக்கம் வரம்போடு வியாபாரியின் லொறி நிற்கும். 2025 பெப்ரவரியில் 'நாடு' வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தது, நல்லது. ஆனால் அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காயப்போடத் தளம் எங்கே? தார்றோட்டில் பரப்பி, வாகனத்துக்கும் மழைக்கும் காவல் இருக்க வேண்டும். அடகுக்கடை வட்டி அதுவரை காத்திருக்குமா? ஈர நெல்லாகவே லொறியில் ஏறிவிடும்.

மருந்துக் கதையும் இதுதான். கடனுக்குத் தருகிற கடைக்காரர்தான் வயலுக்கு வைத்தியர். இலை கொஞ்சம் சுருண்டால் போதும், ஒரு போத்தல் பூச்சி எண்ணெய். காலையில் வரம்பில் குந்தி, பயிரின் அடித்தண்டை விலக்கிப் பாருங்கள். தண்ணீருக்குச் சற்று மேலே சின்னச் சிலந்திகள் ஓடும். பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியைத் தின்பவை அவை. முதல் 40 நாளுக்குள் அவசரப்பட்டு அடித்தால் முதலில் சாவதும் அவைதான். பிறகு கதிர் வருகிற நேரத்தில் அறக்கொட்டி வட்டம் வட்டமாக எரித்துக்கொண்டு போகும், இன்னொரு போத்தல் வாங்க வேண்டும். அடிக்கிறவன் முகத்தில் துவாய் கூடக் கிடையாது. அவனுடைய நெஞ்சையும் தோலையும் எந்தத் திட்ட அறிக்கை எழுதியது?

2021ஐயும் மறக்க முடியாது. நாடே இயற்கை விவசாயத்துக்கு மாற வேண்டுமென்று ஒரு வர்த்தமானியில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள். இடையில் பெரும்போகப் பயிர் மஞ்சளாய் நின்றது. அன்றிலிருந்து 'இயற்கை' என்றாலே எங்கள் ஆட்கள் எழும்பிப் போகிறார்கள். அவர்களில் எனக்குக் குறை தெரியவில்லை.

இதையெல்லாம் தனியொருவன் செய்ய முடியாது என்பதற்குப் பயறே சாட்சி. மாசி, பங்குனியில் வெட்டு முடிந்த ஈரத்திலேயே விதைக்கலாம், அறுபது அறுபத்தைந்து நாளில் காய் ஆயலாம், வேர் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். ஆனால் வெட்டு முடிந்ததும் வெளி முழுக்க மாடு இறங்கிவிடும். ஒருவன் மட்டும் பயறு போட்டால் அது மாட்டுக்குத்தான். மாடு வளர்க்கிற பட்டிக்காரரிலும் பிழையில்லை, மேய்ச்சல் தரை சுருங்கிப்போனால் அவர்கள் எங்கே சாய்ப்பது?

போகத்துக்கு முன் ஆரம்பக் கூட்டம் வைக்கிறோமே. தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மாடு அகற்றும் திகதி எல்லாம் அங்கேதான் முடிவாகிறது. சட்டப்படி நடக்கிற கூட்டம், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று ஒரே குளத்து நீர் குடிக்கிற எல்லோரும் வரலாம். மாடு இறக்கும் திகதியும் பட்டி அடைக்கும் இடமும் மூன்று வருஷக் குத்தகையும் அங்கே பேசப்பட வேண்டும். அடுத்த கூட்டத்தில் நான் இதை எழும்பிக் கேட்கத்தான் போகிறேன். பட்டிக்காரரையும் காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் இல்லாமல் கூட்டத் தீர்மானத்தில் கையொப்பம் வைத்து வேலையில்லை.