ராத்திரி பதினோரு மணிக்கு எவன்டா தாலி கட்டுவான்?

“உங்கள் முன்பதிவு வெற்றிகரமாக உறுதி செய்யப்பட்டது.” பக்கத்தில் ஒரு பச்சை டிக், மேலே பறக்கிற பலூன். இந்த வரியைப் போனில் நீட்டிப் பிடித்தபடி நேற்றுக் காலை ஒன்பதேகாலுக்கு ஒரு கூட்டம் மண்டபத்து மாடிப்படி ஏறியது. முன்னால் ஏழு மாசப் புள்ளத்தாச்சி, பின்னால் வளையல் தட்டு, பூத்தட்டு, பழத்தட்டு, அதற்கும் பின்னால் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அண்டா அண்டாவாக. மாடியில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? கல்யாணம். தாலி கட்டி முடித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்று போட்டோக்காரருக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹால் ஒன்று, நாள் ஒன்று, குடும்பம் மட்டும் இரண்டு. இரண்டு பேர் போனிலும் அதே பலூன்.

மாமாவின் மண்டபம் திருப்பரங்குன்றத்தில். முருகன் தெய்வானையைக் கட்டிய ஊர். முகூர்த்த நாளென்றால் தெருவில் பாதிப்பேர் பட்டுவேட்டி, மீதிப்பேர் அவர்கள் காரை எங்கே நிறுத்துவது என்று சண்டை போடுகிறவர்கள். இந்த ஊரில் இத்தனை வருஷம் மாமா ஒரு நீள நோட்டை வைத்துத்தான் மண்டபம் நடத்தினார். தேதிக்கு ஒரு வரி. அதில் மேல், கீழ், பந்தி, ரூம் என்று நாலு கட்டம். அட்வான்ஸ் வந்தால் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. அவ்வளவுதான். ஒருநாள்கூடப் புள்ளத்தாச்சியும் புதுப்பெண்ணும் மாடிப்படியில் மோதிக்கொண்டதில்லை.

அப்புறம் நான் வந்தேன். கம்ப்யூட்டர் தெரிந்த மருமகன். குடும்பத்துக்கு ஒருத்தன் இருப்பான் அல்லவா, தட்கல் டிக்கெட் எடுக்க, ஆதாரில் போன் நம்பர் மாற்ற, டிவியில் சேனல் வரவைக்க. அவன்தான். “மாப்ளே, எல்லாரும் ஆன்லைன்ல போட்டுட்டாய்ங்க, நாமளும் போடுவோம்டா” என்றார். ஒரு கம்பெனியின் முன்பதிவுக் காலண்டரில் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மேல் ஹாலுக்கு ஒரு காலண்டர், கீழ் ஹாலுக்கு ஒன்று, பந்தி ஹாலுக்கு ஒன்று, நாலு ரூமுக்கு நாலு. மொத்தம் ஏழு. மூன்று வரைக்கும் இலவசமாம், நாலாவதிலிருந்து மாசா மாசம் காசாம். சரி, கொடுத்துத் தொலைத்தோம். முழு மண்டபமும் கேட்கிறவர்களுக்கு எட்டாவதாக ஒன்று. அதை ஒருத்தர் எடுத்தால் மற்ற ஏழும் தானாக மூடிக்கொள்ள வேண்டுமே? மூடாது. முழு மண்டபம் என்றால் மேலும் கீழும் சேர்ந்ததுதான் என்று எங்கள் வாட்ச்மேனின் பேத்திக்குத் தெரியும், அவள் யூகேஜி படிக்கிறாள். இந்தப் பெரிய மூளைக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் போய் நான் பூட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் போச்சு.

பந்தி ஹால் மேலுக்கும் கீழுக்கும் பொது. கோயிலில் தாலி கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர்களும் உண்டு. மேலே ஒரு வீடு, கீழே ஒரு வீடு, நடுவில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை வெளியாள் பந்தி என்று மாமா ஒரே பார்வையில் பிரித்துப் போடுவார். இதை அந்தக் கம்பெனியின் உதவி மையத்தில் விளக்க முக்கால் மணி நேரம் தட்டினேன். “உங்கள் விரக்தியை நான் புரிந்துகொள்கிறேன்” என்று பதில் வந்தது. புரிந்துகொண்டு? அதற்கப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

தமிழிலும் வைத்திருக்கிறார்களாம். பொத்தானில் “இப்போது புத்தகம்” என்று இருந்தது. மண்டபத்தில் புத்தகம் விற்ற கதையெல்லாம் மதுரைப் புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். ரூம் பக்கத்தில் “மூன்று அறைகள் கிடைக்கும்.” கிடைக்கட்டும். எழுதினவனுக்கே கொடுக்கலாம், கன்னம் பார்த்து.

ரூம் கதை தனிப் புலம்பல். நம் ஊர் லாட்ஜ் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: விடிகாலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் இறங்கி ஆறு மணிக்கு ரூம் போட்டால் மறுநாள் ஆறு மணி வரைக்கும் உங்களுடையது. காலண்டருக்கு அது கிடையாது. பகல் பன்னிரண்டுக்கு வா, பதினொன்றுக்குப் போ. ரூமை வேறு தளங்களிலும் போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும் ஒரு லிங்க் போட்டு இணைத்தாகிவிட்டது, ‘தானாக ஒத்திசையும்’ என்று வேறு சொல்கிறது. ஒத்திசையும்தான். சில மணி நேரம் கழித்து. அதற்குள் ஒரே ரூமுக்கு இரண்டு குடும்பம் வந்து, ஒன்று வரவேற்பு பெஞ்சில் படுத்துத் தூங்கிவிடும்.

திருவிழாவைச் சொல்லவா? சித்திரைத் திருவிழாவுக்கு ரூமை வெளியாளுக்கு விடமாட்டோம், சொந்தபந்தம் வந்து இறங்கும். அந்தத் தேதியைப் பூட்டப் போனால் ‘ஒவ்வொரு ஆண்டும் இதே தேதி’ என்று ஒரே ஒரு வழிதான். அழகர் ஆற்றில் இறங்கியது 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12. பௌர்ணமி பார்த்து இறங்குகிறவரிடம் போய், சாமி, கம்பெனியில் ஏப்ரல் 23தான் போட்டிருக்கிறது என்று யார் சொல்வது? மீனாட்சி கல்யாணத்துக்கு எங்கள் ஊர் முருகனே தெய்வானையோடு கிளம்பி மதுரைக்குப் போய்விடுவார். அவருக்கெல்லாம் தேதி தெரிந்திருக்கிறது. ஆடி மாசத் தள்ளுபடியும் அப்படித்தான். ஜூலை பாதியில் ஆரம்பித்து ஆகஸ்டு பாதியில் முடிகிற மாசம் அதன் உலகத்திலேயே இல்லை. ஜூலை முழுக்கக் கொடு, இல்லையென்றால் கொடுக்காதே.

சரி, நேற்றைக்கு வருகிறேன்.

ஒன்பதேகால். மாடிப்படியின் மேல்முனையில் பெண்ணின் தாய்மாமன், கீழ்முனையில் வளைகாப்பு வீட்டுப் பெரியவர், நடுவில் புளிச்சோற்று அண்டா, அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பையன்கள் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல். இரண்டு பேரும் போனை வாள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ் ஹாலில் காதுகுத்து. மைக்கில் மொய் வாசித்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு வாசிப்பை நிறுத்திவிட்டார். மொய் வாசிக்கிறவரே நிறுத்தினால் விஷயம் எவ்வளவு பெரிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். புதன்கிழமை மேல் ஹால்: வளைகாப்பு. கல்யாணம்? கல்யாணத்தையே காணோம். தேடினேன். இருந்தது. செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணி முதல் பன்னிரண்டரை மணி வரை.

மாமா எட்டிப் பார்த்தார். “ராத்திரி பதினோரு மணிக்கு எவன்டா தாலி கட்டுவான்?”

நாலரை டு ஆறு முகூர்த்தம். கல்யாண வீட்டில் பத்திரிகையைப் பார்த்து அதை அப்படியே அடித்திருக்கிறார்கள். படிவமும் ‘நிகழ்ச்சி நேரம்’ என்றுதானே கேட்டது? முந்தின நாள் சாயங்காலமே வந்து இறங்குவோம், மறுநாள் மூன்று மணிக்குத்தான் காலி செய்வோம் என்றெல்லாம் அது கேட்கவில்லை. போகட்டும், அதற்காகத்தானே ‘ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சி’ என்று நான் போட்டு வைத்திருந்தேன்? அங்கேதான் ஆப்பு. மற்ற ஏழு காலண்டரும் நம் நேரத்தில் ஓடுகின்றன. மேல் ஹால் காலண்டர் மட்டும் கிரீன்விச் நேரத்தில். நம் மணி அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி. ஆகவே எங்கள் புதன் விடிகாலை நாலரை அதற்குச் செவ்வாய் ராத்திரி பதினொன்று. செவ்வாய்க் கணக்கில் ஒரு நிகழ்ச்சி ஆயிற்று. புதன் காலி. பலூன்!

கணக்கை ஆரம்பிக்கும்போது நம் நாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். கணக்குக்குத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு காலண்டருக்கும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஏழில் போட்டிருக்கிறேன், ஒன்றில் விட்டிருக்கிறேன். அப்போ தப்பு உன்னுடையதுதானே என்று யாராவது கேட்டால் தயவுசெய்து மாமா நம்பருக்குப் போன் போட்டு அவரிடம் சொல்லுங்கள், அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் நான் விளக்க விளக்க மணி பத்தரை. புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை ராகுகாலம். “பன்னெண்டுக்குள்ள வளையல் போடணும், உங்க கிரீனு விச்செல்லாம் அப்புறம் பேசலாம்” என்று வளைகாப்பு வீட்டம்மா கத்த, “இது எங்க மேடை” என்று தாய்மாமன் கத்த, அந்தப் பெண் பாவம் படியிலேயே உட்கார்ந்துவிட்டது.

அப்போதுதான் கல்யாண வீட்டு அப்பத்தா ஒன்று, பாம்படம் ஆட ஆட, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. “எலேய், புள்ளத்தாச்சியப் படியில உக்கார வச்சுட்டு என்னடா போனத் தூக்கிக் காட்டுறீக? தாலி ஏறுன மேடைடா. அதுல வளையலும் ஏறட்டும். எந்திரி தாயி.”

அவ்வளவுதான். ஒரு பச்சை டிக் இல்லை, ஒத்திசைவு இல்லை. பத்து நிமிஷத்தில் மேடையில் இன்னொரு நாற்காலி. பெண்ணும் மாப்பிள்ளையும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள். மிச்ச வளையலைப் புதுப்பெண் கையிலும் போட்டு, அடுத்த வருஷம் உனக்குத்தான் என்று சிரித்தார்கள். கல்யாணச் சாப்பாட்டில் புளிச்சோறு கலந்தது, வளைகாப்பில் பால்பாயசம் கலந்தது. போட்டோக்காரர் மட்டும் யாரிடம் காசு கேட்பது என்று தெரியாமல் நின்றார். மாமா நீள நோட்டை எடுத்து, சிவப்புப் பென்சிலை நக்கி, புதன் கட்டத்தில் இரண்டு கோடு போட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

நானும் கோபத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கடைசிப் பந்தியில் போய் உட்கார்ந்தேன். காலை மூன்று மணிக்கு எழுந்தவன். இலை போட்டார்கள், சாம்பார் வந்தது, ரசம் வந்தது. அப்பளம் தீர்ந்துவிட்டதாம். இரண்டு வீட்டு விருந்து, மூன்று வகைச் சோறு, ஒரு அப்பளம் இல்லை! அந்த உடைந்த தூளாவது கூடையின் அடியில் கிடக்குமே, அதைக்கூடக் கொட்டிவிட்டார்களாம். கடைசிப் பந்திக்காரனுக்கு அப்பளம் எடுத்துவைக்கத் தெரியாதவனெல்லாம் என்ன சமையல் காண்டிராக்டர்?