சோதனையைத் தாண்டினால் வேறு விலை

விமான நிலையச் சோதனையில் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சரி, 2006-இல் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு பல நாடுகளில் வந்த விதி அது: கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது. ஆனால் பத்தடி தள்ளி அதே தண்ணீரைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நமக்குத் திரும்பி வெளியே போக வழியில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. பல இடங்களில் விற்பனையில் ஒரு பங்கு, அல்லது குறைந்தபட்சமாகப் பேசிய தொகை, இதில் எது அதிகமோ அதை அவர் நிலையத்துக்குக் கட்டவேண்டும். வியாபாரம் படுத்தாலும் விடமாட்டார்கள். அது அப்படியே நம் தலையில் விழுகிறது.

அப்புறம் அந்தப் பாதை! கேட்டுக்கு நேராகப் போக விடுவதில்லை. வாசனைத் திரவியக் கடைக்குள் வளைந்து வளைந்துதான் போகவேண்டும். கைக்குழந்தையோடு ஓடுகிறவருக்கும் அதே வழிதான். வரியில்லாக் கடை என்று பெயர். வரி இல்லை என்பதால் விலை குறைவு என்று நம்பிவிடக் கூடாது, வெளியே விசாரித்துவிட்டே வாங்குங்கள்.

போன முறை என் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். நள்ளிரவில் எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கிவிட்டன. பக்கத்தில் ஒரு பாட்டி, மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் தேடினார். கழிப்பறை ஓரத்தில் இருந்த ஒரே குடிநீர்க் குழாயும் வேலை செய்யவில்லை. இத்தனை கடைக்கு இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு குழாய் வைக்க இடமில்லையா?